மானுக்கு ஏற்ற ரவையைத் தேடியவர்: எல்மர் கீத்தின் கதை

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஐடாஹோ, உயர்ந்த மலைகளும் ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் நிறைந்த மாநிலம். 1950களின் நடுப்பகுதியில் ஒருநாள், அங்கே காயம்பட்ட மான் ஒன்று எதிர்மலைச் சரிவில் ஏறித் தப்பிக்கொண்டிருந்தது. அதைக் காயப்படுத்தியவர் கூட வந்த இன்னொரு வேட்டைக்காரர். பக்கத்தில் நின்ற, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த மனிதரின் இடுப்பில் ஒரு சுழல் துப்பாக்கி மட்டுமே இருந்தது. மானுக்கும் அவருக்கும் இடையிலான தூரம், அவருடைய கணக்கின்படி, சுமார் 550 மீற்றர்.

சுழல் துப்பாக்கியால் 50 மீற்றரில் ஒரு மானைச் சரியாகச் சுடுவதே பலருக்குக் கடினம். அவரோ நிலத்தில் படுத்துக் குறிபார்த்துச் சுட்டார். முதலில் சுட்டவை தவறின. அடுத்துச் சுட்டவை மானில் பட்டன. அவர் பின்னாளில் எழுதிய விபரம் இதுதான்.

அந்த மனிதரின் பெயர் எல்மர் கீத். இந்தக் கதை அமெரிக்க வேட்டைக்காரர்களை இரண்டாகப் பிரித்தது. சிலர் அவரைப் பொய்யர் என்றார்கள். சிலர் அவரைப் போல ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார்கள். கீத் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் அந்த ஒற்றை வேட்டை அவருடைய வாழ்வின் மையம் அல்ல. ஒரு சிறிய கைத்துப்பாக்கியால் மானைச் சுடுவதென்றால், அந்த மான் வேதனையில் அலையாமல் விழ எப்படிப்பட்ட ரவை வேண்டும் என்ற கேள்விக்குத்தான் அவர் முப்பது ஆண்டுகளைக் கொடுத்தார்.

தீயில் பிழைத்த சிறுவன்

எல்மர் கீத் 1899 மார்ச் 8ஆம் திகதி மிசூரி மாநிலத்தில் ஹார்டின் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பின்னர் மேற்கே, மொன்டானாவுக்கு இடம்பெயர்ந்தது. கால்நடைப் பண்ணைகளும் குதிரைகளும் வேட்டையும் அன்றாட வாழ்வாக இருந்த நிலம் அது. பழைய மேற்கின் கடைசித் தலைமுறையினர் அப்போதும் அங்கே உயிரோடு இருந்தார்கள். சிறுவன் எல்மர் அவர்களுடைய பேச்சைக் கேட்டே வளர்ந்தார்.

பன்னிரண்டு வயதளவில் அவரது வாழ்வு முடிந்துபோயிருக்க வேண்டும். மிசூலா நகரில் குடும்பத்துடன் தங்கியிருந்த விடுதி தீப்பிடித்தது. முகமும் உடலும் கடுமையாக எரிந்தன. இடது கை உருக்குலைந்தது. பிழைக்கமாட்டார் என்றே கருதப்பட்டது. ஆனாலும் பிழைத்தார். ஆறிய இடது கையோ வளைந்து, விரல்கள் ஒட்டிப்போய், எதற்கும் உதவாத நிலையில் இருந்தது. வீட்டிலேயே பெற்றோர் அந்தக் கையை மறுபடியும் நேராக்கிய கதையைத் தனது வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். படிப்பவர்களின் உடல் கூசும் பகுதி அது.

தழும்புகளுடன் எழுந்த அந்தப் பிள்ளை குதிரைகளைப் பழக்கினார், மாடுகளை மேய்த்தார், வேட்டைக்கு வழிகாட்டியாகப் போனார். 1926இல் லொரெய்ன் என்பவரைத் திருமணம் செய்தார். பின்னர் ஐடாஹோவில் சமன் ஆற்றங்கரைப் பகுதியில் குடியேறி, தன் வாழ்வின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

ஏன் சுழல் துப்பாக்கி?

மான் வேட்டைக்கு நீண்ட குழல் கொண்ட ரைபிள்தான் பொருத்தம். இதில் யாருக்கும் ஐயமில்லை. ரைபிள் சன்னம் வினாடிக்கு 600 முதல் 900 மீற்றர் வேகத்தில் பறக்கும். சுழல் துப்பாக்கியின் சன்னம் அதில் பாதி வேகத்தைத் தொட்டாலே பெரிய விடயம்.

ஆனால் மாட்டுப் பண்ணைக்காரனின் கை எப்போதும் வெறுமையாக இருப்பதில்லை. குதிரையின் கடிவாளம், கயிறு, கோடரி என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ரைபிள் சேணத்தில் தொங்கும், அல்லது வீட்டில் கிடக்கும். புதருக்குள்ளிருந்து மான் வெளியே வரும்போது, கரடி எதிர்ப்படும்போது, இடுப்பில் இருப்பதுதான் உதவும். காடுகளில் மாதக்கணக்கில் சுற்றிய கீத்துக்குச் சுழல் துப்பாக்கி அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. இறைச்சிக்கும் உயிர்ப் பாதுகாப்புக்குமான கருவி அது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. ரவை என்பது முழுப் பொருள்: பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். சுடும்போது குழலை விட்டுப் பறப்பது சன்னம் மட்டுமே. துப்பாக்கியின் பெயரில் வரும் 44, 45 போன்ற எண்கள் சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில் ஏறக்குறையச் சொல்பவை. 44 என்று அழைக்கப்படுவதன் உண்மை விட்டம் 0.43 அங்குலம்தான், அதாவது ஏறத்தாழ 11 மில்லிமீற்றர்.

அன்றைய சுழல் துப்பாக்கி ரவைகளில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற 45 ரவை 1873இல் வந்தது. கரும்புகை வெடிமருந்துக் காலத்தில் மனிதர்களை எதிர்கொள்ள உருவாக்கப்பட்டது. மானுக்கு அது போதும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அது பட்ட மான் உடனே விழாமல் காட்டுக்குள் ஓடி மறைவதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

வெடித்த உருளை

இளம் கீத் முதலில் செய்தது எல்லா இளைஞர்களும் செய்யக்கூடிய தவறு. 45 ரவைக்குள் கனமான சன்னத்தையும் கூடுதல் வெடிமருந்தையும் அடைத்துச் சுட்டார். 1920களின் நடுப்பகுதியில் ஒருநாள் துப்பாக்கியின் சுழலும் உருளை வெடித்துச் சிதறியது. பெரிய காயமின்றித் தப்பினார். அந்த விபத்தைப் பற்றி 1925இல் அவர் எழுதியனுப்பியது ‘அமெரிக்கன் ரைபிள்மன்’ சஞ்சிகையில் வெளியானது. அவருடைய எழுத்து வாழ்வின் தொடக்கம் அதுதான்.

வேறொருவர் துப்பாக்கியைக் கைவிட்டிருப்பார். அவர் காரணத்தைத் தேடினார். சுழலும் உருளையில் ஆறு துளைகள். துளை பெரிதானால் துளைகளுக்கு இடையிலும் வெளிப்புறத்திலும் உள்ள உருக்குச் சுவர் மெலிதாகும். அதே அளவு உருளையில் 45க்குப் பதிலாக 44 துளையிட்டால் சுவர் சற்றுத் தடிப்பாகும். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அழுத்தத்தைத் தாங்குவது அந்தத் தடிப்புத்தான்.

ஆகவே அவர் 44 ஸ்பெஷல் என்ற ரவைக்கு மாறினார். 1907, 1908 காலப்பகுதியில் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தின் புதிய சுழல் துப்பாக்கியுடன் வந்த ரவை அது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் சன்னம் வினாடிக்கு சுமார் 230 மீற்றர் வேகத்தில்தான் பறந்தது. குறிதவறாத, ஆனால் மென்மையான ரவை. அந்தக் கோதுக்குள் இன்னும் எவ்வளவோ இடமும் வலுவும் வீணாகக் கிடப்பதைக் கீத் கண்டார்.

தட்டையான முகம்

அடுத்த கேள்வி சன்னத்தைப் பற்றியது. அக்காலச் சன்னங்களின் முனை உருண்டிருந்தது. அவை உடலுக்குள் நுழையும்போது தசையை ஒதுக்கிவிட்டு வழுக்கிச் செல்லும். பின்னால் தசை மீண்டும் சேர்ந்துகொள்ளும். துளை சன்னத்தின் விட்டத்தைவிடச் சிறியதாகிவிடும். ரைபிள் சன்னத்தின் வேகம் இந்தக் குறையை மறைத்துவிடும். கைத்துப்பாக்கிக்கு அந்த வேகம் இல்லை. ஆகவே துளையின் அகலமும் ஆழமுமே எல்லாம்.

1920களின் இறுதியில் கீத் வடிவமைத்த சன்னத்தின் முகம் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தது. அதன் பின்னே கூர்மையான விளிம்புடன் ஒரு தோள். எடை 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். கிரெய்ன் என்பது ஒரு பவுண்டின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்கர்கள் இன்றும் சன்னத்தையும் வெடிமருந்தையும் இந்த அளவில்தான் நிறுக்கிறார்கள். தட்டையான முகம் தசையை ஒதுக்காமல் நசுக்கிக்கொண்டு போகும். கனம் அதை ஆழமாகக் கொண்டு செல்லும்.

ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சன்னத்தைத்தான் அவர் விரும்பினார். நெஞ்சுக்கூட்டை ஊடறுத்த அகலமான துளையால் இரத்தம் விரைவாக வெளியேறும், மான் நெடுந்தூரம் போகாது. போனாலும் நிலத்தில் இரத்தத் தடம் இருக்கும், வேட்டைக்காரன் அதைப் பின்தொடர்ந்து சென்று முடித்துவைக்கலாம். தடமே இல்லாத காயம்தான் மிகவும் கொடியது. அந்த மான் எங்கோ ஒரு புதரில் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

இந்தச் சன்னத்துக்கான அச்சை ஐடியல் என்ற நிறுவனம் தயாரித்து விற்றது. ஈயத்தை உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். கீத்தின் வடிவத்தைப் பின்பற்றிய சன்னங்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகியும் இன்னும் வார்க்கப்படுகின்றன.

போதாத மக்னம்

1935இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 357 மக்னம் என்ற ரவையை அறிமுகப்படுத்தியது. அக்காலத்தின் மிகச் சக்திவாய்ந்த கைத்துப்பாக்கி ரவை அது. முதல் துப்பாக்கி எப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெசன் அதனுடன் காட்டுக்குப் போய்ப் பெரிய மிருகங்களையே வீழ்த்திக் காட்டினார். விளம்பரம் உச்சத்தைத் தொட்டது.

கீத் அதில் முழுத் திருப்தி அடையவில்லை. 357 சன்னத்தின் விட்டம் 9 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், வழக்கமான எடை 158 கிரெய்ன், அதாவது 10 கிராம் அளவு. வேகம் இருந்தது, ஆனால் அகலமும் கனமும் குறைவு. எழுத்தில் காட்டப்படும் சக்திக் கணக்கு விலங்கின் உடலுக்குள் நடப்பதை அப்படியே சொல்வதில்லை என்பது அவருடைய வாதம். 44 விட்டமுள்ள 16 கிராம் சன்னம் மிதமான வேகத்தில் வந்தாலும் மானை நம்பகமாக வீழ்த்தும் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1936இல் சுழல் துப்பாக்கி ரவைகளைப் பற்றிய அவருடைய நூல் வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தின் ஒக்டன் ஆயுதக் கிடங்கில் பரிசோதகராகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் பழைய கோரிக்கை மறுபடியும் தொடங்கியது. 250 கிரெய்ன் சன்னத்தை வினாடிக்கு சுமார் 365 மீற்றர் வேகத்தில் செலுத்தும் 44 ரவையைத் தொழிற்சாலையே தயாரிக்க வேண்டும், அதைத் தாங்கும் துப்பாக்கியையும் யாராவது செய்ய வேண்டும். தான் வீட்டில் கையால் நிரப்பிப் பல்லாண்டுகளாகச் சுட்ட ரவையைத்தான் அவர் கேட்டார்.

நிறுவனங்கள் தயங்கின. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பழைய 44 துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் மக்கள் கைகளில் இருந்தன. புதிய ரவையை யாராவது அவற்றில் போட்டுச் சுட்டால், இளம் கீத்தின் கையில் நடந்ததே மறுபடியும் நடக்கும். தீர்வு எளிமையாக இருந்தது. கோதை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மில்லிமீற்றர் நீளமாக்கினார்கள். நீண்ட ரவை பழைய உருளைக்குள் முழுமையாக நுழையாது.

ரெமிங்டன் ரவையைச் செய்தது. ஸ்மித் அன்ட் வெசன் துப்பாக்கியைச் செய்தது. 1955 டிசெம்பரில் முதல் துப்பாக்கிகள் தயாராகி, 1956இன் தொடக்கத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. பெயர் 44 மக்னம். முதல் துப்பாக்கிகளில் ஒன்று ஐடாஹோவுக்கு, கீத்தின் கைக்கு வந்தது. தொழிற்சாலை ரவை அவர் கேட்டதைவிடவும் வேகமானதாக இருந்தது.

கனமா, வேகமா?

கீத்தின் பெயரோடு எப்போதும் சேர்ந்து வரும் இன்னொரு பெயர் ஜாக் ஓகொனர். ‘அவுட்டோர் லைப்’ சஞ்சிகையின் துப்பாக்கிப் பத்தி எழுத்தாளர், பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், நேர்த்தியான நடைக்காரர். ரைபிள்களைப் பற்றிய விவாதத்தில் அவர் மெல்லிய, வேகமான சன்னத்தின் பக்கம் நின்றார். கீத்தோ தடித்த, கனமான சன்னத்தின் பக்கம். இருவரும் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் விடாமல் தாக்கி எழுதினார்கள்.

இந்தச் சண்டையைப் பலர் வேடிக்கையாகவே பார்த்தார்கள். ஆனால் இருவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடினார்கள். ஓகொனரின் பதில், தோளை அதிகம் இடிக்காத துப்பாக்கியால் சரியான இடத்தில் சுடு என்பது. கீத்தின் பதில், குறி சற்றுப் பிசகினாலும் ஆழம்வரை போகும் சன்னத்தைத் தேர்ந்தெடு என்பது. இரண்டிலும் உண்மை இருந்தது. ஐடாஹோவின் அடர்ந்த மலைக்காட்டில் ஓடும் மிருகத்தைச் சுட்டவருக்கு ஒன்று சரியாகப்பட்டது. திறந்த வெளியில் நிதானமாகச் சுட்டவருக்கு மற்றது.

ஓகொனரின் பக்கத்து நியாயத்தை 44 மக்னமே நிரூபித்தது என்றும் சொல்லலாம். அதன் பின்னுதைப்பு கடுமையானது. ஆசையோடு வாங்கிய பலர் சில ரவைகளைச் சுட்டதுமே கை வலித்து, மீதியைப் பெட்டியோடு விற்றார்கள். சுடுவதற்கு முன்பே அதிர்வை நினைத்துக் கண்ணை மூடுகிறவரின் கையில் எவ்வளவு பெரிய ரவை இருந்தும் பயனில்லை. அவரால் காயப்படும் மானுக்கு, அவர் கையில் சிறிய ரவை இருந்திருந்தால் நல்லது.

கீத்துக்கு இது தெரியாததல்ல. தொடர்ச்சியான பயிற்சியைப் பற்றி அவர் நிறையவே எழுதினார். ஆனால் அவருடைய வாசகர்களில் பலர் ரவையின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான முறை சுட்டுப் பழகிய கையை அவர்களால் கடையில் வாங்க முடியவில்லை.

தொலைதூர மான் வேட்டைக் கதையிலும் இதே சிக்கல்தான். காயம்படாத மானை அந்தத் தூரத்தில் சுடலாம் என்று வாதிட அவர் அதை எழுதவில்லை. இன்னொருவரால் காயப்பட்ட விலங்கு தப்பிப்போய் வதைபடக்கூடாது என்பதே அவர் சொன்ன நியாயம். படித்தவர்களில் பலருக்கு மனதில் தங்கியது அந்த நியாயமல்ல, தூரம்தான்.

வெள்ளித்திரைக்குப் போன ரவை

1971இல் ‘டேர்ட்டி ஹரி’ திரைப்படம் வெளியானது. கிளின்ற் ஈஸ்ட்வுட் நடித்த சன் பிரான்சிஸ்கோ பொலிஸ் அதிகாரியின் கையில் இருந்தது ஸ்மித் அன்ட் வெசனின் 44 மக்னம். படம் ஓடியது. கடைகளில் அந்தத் துப்பாக்கி கிடைக்காமல் போனது. வாழ்வில் ஒருமுறைகூட மானைப் பார்த்திராதவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள்.

மலைக்காட்டில் ஒரு மிருகத்தை விரைவாக வீழ்த்துவதற்காக யோசிக்கப்பட்ட கருவி, நகரத்துத் தெருவில் மனிதனை மனிதன் மிரட்டும் சின்னமாக மாறியது. அதற்குக் கீத்தை மட்டும் பொறுப்பாளியாக்க முடியாது. அவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சக்தியைப் பற்றி ஒருவர் முப்பது ஆண்டுகள் ஓயாமல் எழுதினால், கேட்பவர்கள் எல்லோரும் அவர் நினைத்த காரணத்துக்காகவே கேட்பார்கள் என்ற உறுதி இல்லை.

கடைசி நாட்கள்

முதிர்ந்த வயதிலும் ‘கன்ஸ் அன்ட் அம்மோ’ சஞ்சிகையில் அவர் தொடர்ந்து எழுதினார். 1979இல் வாழ்க்கை வரலாற்று நூல் வெளியானது. எல்லாவற்றையும் நேரில் இருந்து பார்த்தவன் நான் என்று சந்தேகக்காரர்களுக்குச் சொல்லும் தொனியிலேயே அதன் தலைப்பும் அமைந்தது. அதில் உள்ள எல்லாக் கதைகளையும் எல்லோரும் நம்பிவிடவில்லை. ஆனால் அந்த நூலைத் தொடங்கியவர்கள் இடையில் மூடிவைப்பது அரிது.

1981இல் பக்கவாதம் தாக்கியது. அதன் பின்னர் எழுத்து நின்றுபோனது. 1984 பெப்ரவரி 14ஆம் திகதி, 84ஆவது வயதில், ஐடாஹோவின் தலைநகர் பொய்சியில் எல்மர் கீத் காலமானார்.

அவருக்குப் பின் இன்னும் பெரிய, இன்னும் வேகமான சுழல் துப்பாக்கி ரவைகள் வந்துவிட்டன. ஆனாலும் மான் வேட்டைக்கு எந்தச் சுழல் துப்பாக்கி ரவை என்று அமெரிக்காவில் யாராவது கேட்டால், அவர் சொன்ன அளவுகோல்கள்தான் திரும்பி வருகின்றன. நெஞ்சுக்கூட்டை ஊடறுக்கும் கனம். நசுக்கிச் செல்லும் தட்டையான முகம். வெளியேறும் துளை. இவற்றோடு, அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: ஒவ்வொரு முறையும் தவறாமல் குறியில் பட உங்களால் சுடக்கூடிய தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. மான் அதற்கு அப்பால் நின்றால், துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு இன்னும் நெருங்கிப் போங்கள். முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

தீயில் எரிந்த கையுடன் வளர்ந்த ஒருவர் வலியை அறியாதவராக இருந்திருக்க முடியாது. மானுக்கு அந்த வலி நீளக்கூடாது என்று அவர் தேடியது ஒரு ரவை. அது கிடைத்தது. அதைச் சுடாமல் இருக்க வேண்டிய தருணத்தை அறிவது, அன்றும் இன்றும், துப்பாக்கி பிடித்தவரின் பொறுப்பு.